ஓர் உறைக்குள் இரு வாள்கள்

‘ஓர் உறையில் இரண்டு கத்திகள் இருக்க முடியாது’ என்று நம் பெரியோர் கூறுவர். ஆனால் தென்சீனாவில் ஓர் உறைக்குள் இரண்டு வாள்கள் இணைபிரியாமல் இருந்து வந்துள்ளன. அவையே ‘வண்ணத்துப்பூச்சி வாள்கள்’. கொக்கி வாள், மான்கொம்புக் கத்தி என இரட்டையாக ஏந்தும் வேறு ஆயுதங்களும் சீனத்தில் உண்டு.

அமைப்பு

இவ்வாளின் அலகு குட்டையானது. ஏறத்தாழ நம் முன்கையின் நீளமே இருக்கும். ஒரு பக்கம் மட்டுமே கூர் உண்டு. இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒரே வாள் போலத் தோன்றும். கைப்பிடியைச் சுற்றியுள்ள உலோக வளைவு விரல்களைக் காக்கிறது. அலகின் முதுகுப்புறம் வளைந்துள்ள கொக்கியில் எதிரியின் ஆயுதத்தைச் சிக்க வைத்துத் திருப்பிவிடலாம். முதல் அபினிப் போர்க் காலத்தில் (1839–1842) குவாங்டுங் மாகாணத்து ஊர்க்காவல் படையினர் இத்தகைய இரட்டை வாள்களை ஏந்தியிருந்தனர்.

பயிற்சி

ஒரு கை தடுக்கும் அதே நொடியில் மறு கை தாக்க வேண்டும். அடுத்த நொடியில் பணி மாற வேண்டும். எனவே இங்கு இடக்கை வலக்கையின் ஏவலாள் அன்று, சம பங்காளி.

‘விங் சுன்’ என்னும் போர்க்கலையில் வெறுங்கைப் பயிற்சி மூன்று, மரப்பொம்மைப் பயிற்சி, நீண்ட கம்பு ஆகியவற்றுக்குப் பின்னரே வாள் கற்பிக்கப்படுகிறது. வாள் என்பது கையின் நீட்சியே. கை செம்மைப்படாதவருக்கு வாளால் பயனில்லை. 1950 முதல் ஹாங்காங்கில் இக்கலையைக் கற்பித்த இப் மான் (1893–1972) வாள் பயிற்சியை மிகச் சிலருக்கே அளித்தார். புகழ்பெற்ற புரூஸ் லீ இவரிடம் பயின்றவரே.

கலையின் கதை

யிம் விங் சுன் என்ற இளம்பெண்ணை ஒரு முரடன் கட்டாயப்படுத்தி மணக்க முயன்றானாம். இங் மூய் என்னும் பௌத்தப் பெண் துறவி அவளுக்குப் போர்க்கலை கற்பித்தார். விங் சுன் அவனைப் போட்டிக்கு அழைத்து வென்றாள். அவள் பெயரே கலைக்கும் பெயராயிற்று. இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. எனினும், ஒரு போர்க்கலை தன் முதல் ஆசிரியையாகவும் முதல் மாணவியாகவும் இரு பெண்களைப் போற்றி வருவது எண்ணி மகிழத்தக்கது.

தோழியரே, அக்கதையில் விங் சுன் வெறுங்கையாலேயே வென்றாள். அவளுக்கு வாள் தேவைப்படவில்லை. வாள் ஏன் கடைசிப் பாடமாக வைக்கப்பட்டது என்பது இப்போது நமக்குப் புரிகிறதல்லவா?