ஓய்வா, நடையா? – நாட்பட்ட மூட்டுவலியும் முதுமையில் இயங்கும் வாழ்வும்

"டாக்டர், நான் இனி நடக்கலாமா, கூடாதா?"

முழங்கால் வலியுடன் புறநோயாளர் பிரிவுக்கு வரும் முதியோர் பலரும் எழுந்து செல்வதற்கு முன் கேட்கும் வினா இது. இதற்கு நான் தெளிவாக விடை சொல்லாமல் அனுப்பிய ஒருவரைப் பற்றிக் கூறி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அவருடைய அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், சிட்லபாக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரு முழங்கால்களிலும் வலியுடன் வந்தார். வயது 67. எக்ஸ்ரே படத்தில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பத்து நாள்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, "காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள், அம்மா" என்றேன். எத்தனை நாள் ஓய்வு, அதன்பின் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

பதினான்கு மாதங்கள் கழித்து மகனின் தோளைப் பற்றிக்கொண்டு வந்தார். காலை நடை நின்றுபோயிருந்தது. கோயிலுக்குச் செல்வதும் மாடியில் துணி உலர்த்துவதும் நின்றிருந்தன. எடை 6 கிலோ கூடியிருந்தது. குளியலறையில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. நான் எழுதிய அதே மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கித் தொடர்ந்து உட்கொண்டதால் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவும் உயர்ந்திருந்தது. "நீங்கள்தானே ஓய்வெடுக்கச் சொன்னீர்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அன்று அவருக்குச் சொல்லாமல் விட்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மூட்டுக்குள் நிகழ்வது என்ன?

எலும்புகளின் முனைகளைக் குருத்தெலும்பு வழவழப்பாக மூடியிருக்கிறது. இதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டைச் சூழ்ந்துள்ள நீர்மத்திலிருந்தே இது தனக்கு வேண்டிய ஊட்டத்தைப் பெறுகிறது. நாம் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்துகிறது, எடுக்கும்போது விரிகிறது. இந்த அழுத்தமும் விரிவும் அந்த நீர்மம் உள்ளே சென்று வர உதவுகின்றன. ஆகவே, அளவான அசைவு மூட்டுக்கு உணவூட்டும் செயலாகும்.

'தேய்மானம்' என்னும் சொல் இவ்விடத்தில் நம்மைத் திசைதிருப்புகிறது. வண்டியின் டயர் ஓட ஓடத் தேய்வதுபோல மூட்டும் நடக்க நடக்கத் தேயும் என்று பலர் எண்ணுகின்றனர். டயருக்கு உயிர் இல்லை. மூட்டு உயிருள்ள உறுப்பு. தன்னைச் சீர்செய்துகொள்ள அது இயன்றவரை முயல்கிறது. எக்ஸ்ரேயில் மிகுந்த மாற்றம் உள்ள சிலருக்கு வலி குறைவாகவும், சிறிதளவே மாற்றம் உள்ள சிலருக்கு வலி கடுமையாகவும் இருப்பதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். படம் மட்டும் வலியின் அளவைக் காட்டிவிடாது.

வலிக்கிறது என்று காலை அசைக்காமல் வைத்தால் முதலில் மெலிவது தொடையின் முன்புறத் தசை. முழங்காலின் மீது விழும் அதிர்வைத் தாங்குவது அத்தசையே. அது மெலிந்தால் சுமை மூட்டின் மீது விழுந்து வலி கூடுகிறது. வலி கூடினால் நடை இன்னும் குறைகிறது. எடையும் ஏறுகிறது, தடுமாறி விழும் வாய்ப்பும் பெருகுகிறது. அந்த ஆசிரியை சிக்கிக்கொண்ட சுழல் இதுவே.

எல்லா மூட்டுவலியும் ஒன்றல்ல

உடற்பயிற்சியைத் தொடங்குமுன் வலியின் காரணத்தை மருத்துவரிடம் அறிந்துகொள்ள வேண்டும். முதுமையில் மிகுதியாகக் காணப்படுவது மூட்டுத் தேய்மானம். இதில் காலையில் ஏற்படும் இறுக்கம் பொதுவாக அரை மணி நேரத்திற்குள் தளர்ந்துவிடும். இறுக்கம் அதற்கு மேல் நீடித்து, விரல்களின் சிறு மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்துகள் தேவை. பெருவிரல் மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலத்தைச் சோதிக்க வேண்டும். 2006இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியா காய்ச்சலை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அக்காய்ச்சல் தணிந்த பின்னும் சிலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடித்தது.

பின்வருவன இருந்தால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்:

• காய்ச்சலுடன் ஒரே மூட்டு சிவந்து, சூடாகி, வீங்குதல்
• விழுந்தபின் காலை ஊன்ற இயலாமை
• மூட்டு மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொள்ளுதல்
• ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல்
• காரணமின்றி உடல் மெலிதலுடன் இரவில் கடும் வலி

எவ்வளவு வலி வரை செய்யலாம்?

பயிற்சியின்போது சிறிது வலிப்பதனாலேயே மூட்டு கெட்டுவிடுகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. வலியே இல்லாத நிலையைப் பூச்சியம் என்றும், தாங்கவே முடியாத வலியைப் பத்து என்றும் கொள்ளுங்கள். பயிற்சியின்போது வலி நான்கிற்குள் இருந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அந்த அளவு உங்களுக்கு ஏற்றது. மறுநாளும் வலி மிகுந்திருந்தால் அளவைக் குறையுங்கள். பயிற்சியை அடியோடு நிறுத்தாதீர்கள்.

வலி குறைந்த நாளில் வீடு முழுவதையும் பெருக்கித் துடைத்து, ஒரு வாரச் சமையலுக்கும் மாவரைத்து, அடுத்த மூன்று நாள்கள் படுத்துவிடுவோர் உண்டு. இது நல்லதன்று. நல்ல நாளில் சற்றுக் குறைவாகவும், வலி மிகுந்த நாளில் சிறிதளவேனும் செய்வதே முறை.

வீட்டிலேயே நான்கு பயிற்சிகள்

1. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 வினாடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.

2. படுத்தபடி ஒரு முழங்காலை மடக்கி வைத்து, மறுகாலை நேராக ஓர் அடி உயரம் தூக்கி, 5 வினாடி நிறுத்துங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.

3. சுவரை ஒட்டிப் போட்ட, கை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்ல அமருங்கள். 5 முறையில் தொடங்கி 10 வரை செல்லலாம். முதலில் கைகளை ஊன்றலாம். வலிமை கூடியபின் ஊன்றாமல் முயலுங்கள்.

4. சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி இறக்குங்கள். 10 முறை.

பயன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம். முதல் இரு வாரங்களில் தசைவலி இருப்பது இயல்பே. இதயநோய், தலைச்சுற்றல், அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவை உள்ளவர்கள் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் தொடங்க வேண்டும்.

நடைப்பயிற்சி

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலியக்கம் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தசை வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சிகளையும் அது வலியுறுத்துகிறது. ஆனால், முதல் நாளே அரை மணி நேரம் நடக்க வேண்டாம். ஐந்து நிமிடம் நடந்து, அமர்ந்து, மீண்டும் ஐந்து நிமிடம் நடங்கள். ஒவ்வொரு வாரமும் ஓரிரு நிமிடங்கள் கூட்டுங்கள்.

சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதை போன்ற சமதளமான இடம் ஏற்றது. வெயில் ஏறுமுன் செல்லுங்கள். குதிகால் பட்டை உள்ள, வழுக்காத காலணி அணியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் தெருக்களில் நீர் தேங்கும்போது வெளியே செல்ல வேண்டாம். அடுக்குமாடியின் நடைவழியிலோ கூடத்திலோ நடந்தாலும் அதே பயன் உண்டு.

தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்தியது. 8 கிலோமீட்டர் என்று கேட்டு மலைக்க வேண்டாம். அதில் அரைக் கிலோமீட்டர் நடந்து திரும்பினாலும் அது நடையே. வீட்டை விட்டு வெளியே வர இயலாதோருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எடையும் வீட்டமைப்பும்

உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. 5 கிலோ குறைத்தவர் அடிக்கு 20 கிலோ சுமையை இறக்கி வைக்கிறார். இரவில் மூன்றாவது இட்லியைத் தவிர்ப்பதும், காபியில் சர்க்கரையைக் குறைப்பதும் சிறு செயல்களாகத் தோன்றினாலும் முழங்காலுக்கு அவை மருந்தே. உணவைக் குறைக்கும்போது பருப்பு, பயறு, முட்டை, மோர் ஆகிய புரத உணவுகளைக் குறைக்கலாகாது; தசைக்கு அவை வேண்டும்.

மேலைநாட்டுக் கழிப்பறை, குளியலறைச் சுவரில் கைப்பிடி, சற்று உயரமான நாற்காலி ஆகியவற்றை அமைத்துக்கொள்ளுங்கள். படி ஏறும்போது வலி குறைந்த காலையும், இறங்கும்போது வலி மிகுந்த காலையும் முதலில் வையுங்கள். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். தடி ஊன்ற வெட்கப்படுவோர் பலர். தடி ஊன்றிக் கடைத்தெருவுக்குச் சென்று வருபவர், தடியின்றி வீட்டுக்குள் முடங்கியிருப்பவரைவிட நலமாக வாழ்கிறார்.

மருந்துகளில் எச்சரிக்கை

முழங்கால் வலிக்கு முதலில் மேற்பூச்சு வலிநிவாரணிக் களிம்பை முயலலாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை மருத்துவர் குறித்த நாள்களுக்கு மேல் உட்கொள்ளாதீர்கள். அவை இரைப்பையில் புண்ணையும் இரத்தக்கசிவையும் உண்டாக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். இரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் உட்கொள்வோருக்கு இந்த ஆபத்து மிகுதி. டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சல் வந்தால் இம்மாத்திரைகளை அறவே தவிர்க்க வேண்டும்.

பெயரும் உட்பொருளும் அச்சிடப்படாத பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்க வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் ஐயம் கொள்ளுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் நம் பகுதியினர் பலர் சிகிச்சை பெறுகின்றனர். அவ்வாறு பெறுவோர் இரு தரப்பு மருத்துவர்களிடமும் எல்லா மருந்துகளையும் காட்டுங்கள். எங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

பயிற்சியும் மருந்தும் செய்தபின்னும் உறக்கம் கெட்டு, அன்றாட வாழ்வு முடங்கினால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை குறித்துப் பேசலாம். அதற்கு முன் வலுப்படுத்திய தசை, அறுவைக்குப் பின் விரைவில் நடக்கவும் உதவும்.

குடும்பத்தினருக்கு

"நீங்கள் உட்காருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அன்பினால் சொல்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு வேலையையும் அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டால், எழுந்து நிற்பதற்கான காரணத்தையும் சேர்த்தே வாங்கிவிடுகிறீர்கள். கனமான குடத்தைத் தூக்க விடாதீர்கள். கீரை ஆய்வதையும் செடிக்கு நீர் ஊற்றுவதையும் அவர்களிடமே விடுங்கள். நாட்பட்ட வலி மனச்சோர்வையும் உறக்கமின்மையையும் கொண்டுவரும். அவை வலியை மேலும் கூட்டும். "எப்பொழுதும் வலிதானா?" என்று கேட்பதை விடுத்து, "வாருங்கள், தெருமுனை வரை போய் வருவோம்" என்று அழையுங்கள்.

அந்த ஆசிரியைக்கு வலிநிவாரணி மாத்திரையை நிறுத்தினோம். சிறுநீரகச் செயல்பாடு பெருமளவு சீரானது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ அவருக்கு மூன்று மாதங்கள் ஆயின. வலி முற்றிலும் நீங்கிவிடவில்லை. மழைநாள்களில் இன்றும் வலிக்கிறது என்கிறார். ஆயினும் தடியுடன் தாமே கோயிலுக்குச் சென்று வருகிறார். ஏரிக்கரையில் ஒரு சுற்று நடக்கிறார்.

இப்பொழுது நான் எவரிடமும் வெறுமனே 'ஓய்வெடுங்கள்' என்று சொல்வதில்லை. எத்தனை நாள், பிறகு எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்று எழுதியே கொடுக்கிறேன். அவ்வாறு எழுதித் தராவிட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.