பொட்டலத்தின் பின்புறம்

மளிகைக் கடையில் பொட்டலத்தின் வண்ண முகப்பு வாங்குவோரைக் கவர்கிறது. உள்ளிருப்பதைச் சொல்வதோ பின்புறத்துச் சிறிய அட்டவணை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆற்றல், புரதம், கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் முதலியவற்றின் அளவு அதில் இடம்பெற வேண்டும்.

பலரும் தடுமாறும் இடம் 'ஒரு முறை பரிமாறும் அளவு' என்பதாகும். 150 கிராம் மிக்சர் பொட்டலம் ஒன்றில், 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் இருப்பதாகக் கொள்ளலாம். பரிமாறும் அளவு 30 கிராம் எனில், அதிலுள்ள சோடியம் 240 மில்லிகிராம். நாள் வரம்பான 2000 மில்லிகிராமில் இது 12 விழுக்காடே. அஞ்சத்தக்கதன்று எனத் தோன்றும். ஆனால், மாலை வேளையில் மிக்சரை 30 கிராம் நிறுத்து உண்பவர் யார்? பொட்டலம் முழுவதும் தீர்ந்தால் 1200 மில்லிகிராம். அதாவது 60 விழுக்காடு. சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிட்டும்: 3 கிராம். நண்பகலில் உண்ட சாம்பாரும் ஊறுகாயும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

உட்பொருள் பட்டியலில் எடை மிகுந்ததே முதலில் நிற்கும். முகப்பில் கோதுமைக்கதிர் அசையும் பிஸ்கட்டின் பட்டியல் மைதாவில் தொடங்குவதும் உண்டு. சர்க்கரையோ சில பட்டியல்களில் குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், தேன் எனப் பல பெயர்களாகப் பிரிந்து கீழே இறங்கிவிடுகிறது. அவற்றை ஒன்றுகூட்டிப் பார்த்தால், மைதாவுக்கு அடுத்த இடம் சர்க்கரைக்கே உரியதாதல் கூடும்.