வர்த்தகத் திணைக்களமும் நம் தோட்டங்களும்

பிறநாடுகளோடு கொண்டும் கொடுத்தும் வாழாத நாடு இன்று உலகில் இல்லை. அக்கொடுக்கல் வாங்கலை ஒழுங்கு செய்தற்பொருட்டு ஒவ்வோர் அரசும் ஓர் அமைச்சையும் அதன்கீழ்ச் சில திணைக்களங்களையும் வைத்திருக்கின்றது. இலங்கையில் அப்பணியைச் செய்வன யாவை, அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, அவற்றின் முடிவுகள் யாழ்ப்பாணத்துக் கமக்காரனை எங்ஙனம் வந்து சேர்கின்றன என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம். மாணவர்க்கு இப்பொருள் வறண்டதாகத் தோன்றலாம். ஆயினும் அது நம் கிணற்றடிக்கு மிக அண்மையிலுள்ளது.

கடல் வாணிகம் நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துப் புகையிலை நெடுங்காலமாகத் திருவிதாங்கூருக்குச் சென்று விலைப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே புகையிலை வாணிகம் அரசின் தனியுரிமையாய் இருந்தது. ஆகவே நம் முன்னோர் இங்கு வியர்வை சிந்தி விளைத்த பொருளின் விலை, அவர்கள் கண்டறியாத ஓர் அரசின் கட்டளைக்குக் கட்டுப்பட்டு ஏறியும் இறங்கியும் வந்தது. பிறநாட்டுச் சந்தையை நம்பி வாழும் எவர்க்கும் இந்நிலை இயல்பே. தம் மக்களுக்காக அவ்வாறான அரசுகளோடு பேசி வழிதிறக்கும் பொறுப்பே ஒரு நாட்டின் வர்த்தக அமைச்சுக்கு உரியது.

1947 ஆம் ஆண்டில் அமைந்த இலங்கையின் முதல் மந்திரிசபையில் வர்த்தகப் பொறுப்பை ஏற்றவர், முன்னர்க் கணிதப் பேராசிரியராய் விளங்கிய திரு. செ. சுந்தரலிங்கம் அவர்கள். அடுத்த ஆண்டிலே அவர் அப்பதவியைத் துறந்தார். அதே 1948 இல், தீர்வை, வாணிகம் என்பன பற்றிய பொது உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பாயிற்று. அவ்வுடன்படிக்கையின் வழியில் 1995 இல் உலக வர்த்தக நிறுவனம் தோன்றியபோது அதிலும் நம் நாடு தொடக்கத்திலேயே அங்கம் பெற்றது.

வர்த்தக அமைச்சின் வலிமையை நன்கு புலப்படுத்திய நிகழ்ச்சி 1952 ஆம் ஆண்டின் இறப்பர்–அரிசி ஒப்பந்தமாகும். கொரிய யுத்தத்தால் உயர்ந்திருந்த இறப்பர் விலை வீழ, அரிசி விலையோ ஏறியது. சீனாவுக்கு இறப்பர் அனுப்புவதை அமெரிக்கா விரும்பவில்லை. அக்காலத்தில் வர்த்தக மந்திரியாயிருந்த திரு. ஆர். ஜீ. சேனநாயக்க அவர்கள் பீக்கிங் சென்று ஒப்பந்தஞ் செய்தார். ஆண்டுதோறும் 50,000 மெற்றிக் தொன் இறப்பருக்கு 270,000 மெற்றிக் தொன் அரிசி என்பது அதன் சாரம். ஐந்தாண்டுகளுக்கெனத் தொடங்கிய அவ்வேற்பாடு புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நிலைத்தது. சிறிய நாடாயினும், தன் பண்டத்தின் அருமையை அறிந்து பேசினால் பெரிய நாடுகளின் நடுவேயும் பயன் பெறலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி, இப்பணியின் பிரிவுகளை நோக்குவாம். பிறநாடுகளோடு ஒப்பந்தங்களைப் பேசித் தீர்ப்பது வர்த்தகத் திணைக்களம். 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரங்களை வழங்குவது இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களம். 1979 இல் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை எழுந்தது. பிறநாட்டு முதலீட்டை வரவேற்க 1978 இல் அமைந்த பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு, 1992 இல் முதலீட்டுச் சபையாயிற்று. 1998 இல் கைச்சாத்தாகி 2000 இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் சலுகையைப் பெற விரும்புவோர், தம் பண்டம் இந்நாட்டில் உண்டாயதென்பதற்கான சான்றிதழை வர்த்தகத் திணைக்களத்திலேயே பெறல் வேண்டும்.

இவையெல்லாம் கொழும்புக்குரிய செய்திகள் என எண்ணுவோர், 1970 இற்குப் பின் வந்த பத்தாண்டுகளை நினைவு கொள்வாராக. அந்நியச் செலாவணி அருகியமையால் அக்கால அரசு செத்தல் மிளகாய், வெங்காயம் முதலிய உப உணவுப் பொருள்களின் இறக்குமதியை இறுக்கியது. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள் செழித்தன. கல்வீடுகள் எழுந்தன; நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின; படித்த இளைஞர் விசுவமடு முதலிய இடங்களிற் காடு திருத்தி மிளகாய் நட்டனர். 1977 இல் ஆட்சி மாறியது. இறக்குமதிக் கதவுகள் திறந்தன. அயல்நாட்டு மிளகாயும் வெங்காயமும் சந்தையில் வந்து குவிய, நம் விளைபொருளின் விலை சரிந்தது. நிலமும் நீரும் உழைப்பும் முன்போலவே இருந்தன. மாறியது அரசாங்கத்தின் கொள்கை ஒன்றே.

எனினும் ஒருபாற் கோடாது நோக்குதல் கற்றோர் கடன். தோட்டக்காரனுக்கு வாழ்வளித்த அதே கட்டுப்பாடு, நகரத்து ஏழையையும் மலையகத் தொழிலாளியையும் வருத்தியது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் பட்ட பசிக்கொடுமையை நாம் மறத்தலாகாது. கதவை முற்றாக மூடினாலும் முற்றாகத் திறந்தாலும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுத்தே தீர்வர். விளைவிப்போனும் உண்போனும் ஒருங்கே தாங்கக்கூடிய தீர்வையை, உரிய பருவத்தில், முன்னறிவித்து விதிப்பதே நன்முறையாகும். 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினாலேயே தீர்வையை மாற்ற வழிசெய்தது. அறுவடைக்குச் சிலநாள் முன்னர் வரும் அத்தகைய அறிவித்தல் ஒன்று, ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பை உயர்த்தவோ அழிக்கவோ வல்லது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடங்கள் இரண்டு. முதலாவது, காப்பு என்பது நிலையான சொத்தன்று. அது கிடைத்த காலத்திலேயே களஞ்சியம், நல்விதை, கூட்டுறவு விற்பனவு ஆகியவற்றை அமைத்துக்கொள்ளல் வேண்டும். செழித்த ஆண்டுகளிற் கிடைத்த பொருள் பெரும்பாலும் வீட்டுக்கும் சீதனத்துக்கும் சென்றது. சந்தையை வெல்லும் ஏற்பாடுகளுக்குச் சென்றது குறைவு. இரண்டாவது, முடிவு செய்யப்படும் இடத்தில் நம் விளைச்சலின் கணக்கையும் பருவத்தையும் எடுத்துரைக்க வல்லார் இருத்தல் வேண்டும். கணக்கின்றி எழுப்பும் முறையீடு எந்த அலுவலகத்திலும் நெடுநேரம் நில்லாது.

2019 இல் பலாலியிலிருந்து பிறநாட்டு விமான சேவை தொடங்கியது. 2023 இல் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடலாயிற்று. கடல்வழி மீண்டும் திறக்குங் காலத்தில், அவ்வழியே எப்பொருள் வரும், எப்பொருள் போகும் என்பதை ஒப்பந்தங்களே வகுக்கும். நம் மாணவருள் மருத்துவத்தையும் பொறியியலையும் நாடுவோர் பலர். அவருள் ஒருசிலரேனும் வர்த்தகச் சட்டம், பொருளியல், புள்ளிவிபரம் ஆகியவற்றை ஆழக் கற்றுத் திணைக்களங்களிலும் பேச்சுவார்த்தை மேசைகளிலும் இடம்பெறுவாராயின், அது தோட்டத்து வருவாயிலே தம்மைக் கற்பித்த பெற்றோர்க்கு அவர் செய்யும் கைம்மாறாகும்.