வெயிற்காலத்துக்கேற்ற வீட்டுப் பானங்கள்

காலபோக நெல் அறுவடையாகி வீடு வந்து சேர்ந்தபின் வெயிற்காலம் தொடங்குகின்றது. ஏப்பிரல் 5ஆந் திகதிக்கும் 15ஆந் திகதிக்கும் இடையிற் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கின்றது. ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மீண்டும் அவ்வாறே நிகழ்கின்றது. இக்காலப் பகுதியிலேதான் சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்தலும், தோட்டப் பயிர்களுக்கு நீர் இறைத்தலும், களை பிடுங்கலும் நடைபெறுகின்றன. கமக்காரர் தம் பயிருக்கும் மாட்டுக்கும் நேரந் தவறாது நீர் கொடுக்கின்றனர். தமக்கு வேண்டிய நீரையோ நா வறண்ட பின்னரே நினைக்கின்றனர். இதனால் உண்டாகும் தலைச்சுற்றும் தசைப்பிடிப்பும் பல வேளைகளில் வேலையைக் கெடுப்பதோடு நில்லாது, உயிருக்கும் ஊறு விளைவிக்கின்றன.

இதனைத் தடுத்தற்கு விலை கொடுத்து வாங்கும் போத்தற் பானங்கள் வேண்டியதில்லை. வீட்டு வளவிலுள்ள தேசியும், விளாவும், கொடித்தோடையும், பனையும், தென்னையும், பட்டியிலுள்ள பசுவுமே போதும். வெயிற்காலப் பானம் விருந்தினருக்கு மட்டும் உரிய இனிப்பன்று. மண்வெட்டியைப் போல அதுவும் வேலைக்கு இன்றியமையாத பொருளாகும். அதனை ஆயத்தஞ் செய்யும் முறைகளை இல்லத்தரசிகள் அறிந்து கொள்ளும்பொருட்டு இங்கே கூறுகின்றோம்.

வியர்வையும் உப்பும்

வெயிலில் வேலை செய்யும்போது உடல் சூடேறுகின்றது. தோலின்மேல் வரும் வியர்வை ஆவியாகிச் செல்லும்போது அச்சூட்டையுங் கொண்டு செல்கின்றது. ஆனால் வியர்வையோடு நீர் மாத்திரமன்றி உப்பும் வெளியேறுகின்றது. மணிக்கணக்காக வியர்த்தவர் வெறும் நீரை மட்டுமே மிகுதியாகப் பருகினால் உடலின் உப்பு ஐதாகித் தசைப்பிடிப்பும் சோர்வும் உண்டாகலாம். நீரையுங் குறைத்து உப்பையும் இழப்பாராயின் தீங்கு இன்னும் பெரிது.

ஆகவே கடும் வெயிலில் வேலை செய்வோர் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை நீர் பருகுதல் வேண்டும். தாகம் வரும்வரை காத்திருத்தல் கூடாது. காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் அக்கோப்பையைச் சிறிது உப்புச் சேர்ந்த பானமாக அருந்துவது நன்று. பானத்தின் உப்புச் சுவை கண்ணீரின் உப்பை விஞ்சலாகாது என்பதை அளவாகக் கொள்க. சிறுநீர் மஞ்சள் மிகுந்து குறைவாகக் கழியுமாயின் பருகிய நீர் போதவில்லை என்று அறிதல் வேண்டும்.

கள் முதலிய மதுபானங்கள் தாகந் தணிப்பன போலத் தோன்றினும், சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரை வெளியேற்றுவன. வேலை வேளையில் அவற்றை அறவே விலக்குக.

நீரும் பாத்திரமும்

எவ்வளவு நல்ல பழமாயினும், கலக்கும் நீர் தூய்மையற்றதாயின் பானம் நோய்க்கு வித்தாகும். நீரை நன்றாகக் கொதித்துப் பொங்கவிட்டு இறக்கி, மூடியபடியே ஆறவைக்க. பின்னர் மண்பானையில் ஊற்றி நிழலில் வைத்தால், பானையின் நுண்துளைகளினூடாகக் கசியும் நீர் ஆவியாவதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்துவிடும். பானைக்குள் கையை இடாது, காம்புள்ள அகப்பையால் முகந்தெடுக்க. மீனுக்கு இடும் ஐசைப் பானத்திற் சேர்க்கலாகாது.

கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றி, உரத்தினாலும் மலக்குழிகளாலும் கிணற்றிற் சேரும் நைத்திரேற்றை அகற்றாது. யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கல் நிலங்களிற் கிணற்று நீரில் இது மிகுந்து காணப்படுவதுண்டு. ஆதலாற் செறிவாக உரமிடும் தோட்டங்களின் நடுவேயுள்ள கிணற்று நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கலாகாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு, எத்துணை வெயிலாயினும், தாய்ப்பாலே போதிய நீராகும்.

புளிப்புள்ள பானங்களை மண், கண்ணாடி, கறைபடா உருக்குப் பாத்திரங்களிலேயே வைத்தல் வேண்டும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களிலும், நாகம் பூசிய தகர வாளிகளிலும் வைத்தால், புளிப்பு அவ்வுலோகங்களைக் கரைத்து வாந்தியையும் வயிற்று வலியையும் உண்டாக்கும். பூச்சிகொல்லியும் களைகொல்லியும் இருந்த போத்தல்களை எத்தனை முறை கழுவினும் குடிநீருக்குப் பயன்படுத்தலாகாது. பானம் உள்ள போத்தலையும் மருந்துப் போத்தலையும் ஒரே பையில் வயலுக்குக் கொண்டு செல்லவும் வேண்டாம்.

பானங்கள் செய்யும் முறை

கீழே ஒரு கோப்பை என்பது 200 மில்லிலீற்றர். கரண்டி அளவுகள் யாவும் மட்டமாக வழித்தெடுத்த தேக்கரண்டி அளவுகள்.

1. மோர். தயிர் 1 கோப்பை, ஆறவைத்த நீர் 4 கோப்பை, உப்பு அரைத் தேக்கரண்டி, சின்ன வெங்காயம் 3, பச்சை மிளகாய் 1, இஞ்சி சிறு துண்டு, கறிவேப்பிலை சிறிது. தயிரை நன்றாகக் கடைந்து நீர் சேர்க்க. வெங்காயம் முதலியவற்றைக் கழுவிச் சிறிதாக அரிந்து உப்புடன் பிசைந்து மோரில் இடுக. விரும்பினால் இறுதியிற் பாதித் தேசிக்காயைப் பிழிந்து விடலாம். வயலுக்குக் கொண்டு செல்வதாயின் வெங்காயத்தை வடித்து எடுத்துவிடுதல் நன்று. மோர் வெயிலில் விரைவிற் புளித்துவிடும்.

2. ஊறுகாய்த் தண்ணீர். கோயில் திருவிழாக்களின் தண்ணீர்ப் பந்தல்களிலே மோரோடும் சர்க்கரைத் தண்ணீரோடும் வழங்கப்படும் இதனை வீடுகளிற் பலர் மறந்துவிட்டனர். பழுத்த தேசிக்காய் 25ஐக் கழுவித் துடைத்து, அடி விடாமல் நான்காகக் கீறி, ஏறக்குறைய 250 கிராம் உப்பை உள்ளே அடைத்துச் சாடியில் இடுக. மூன்று நாள் நாள்தோறும் குலுக்கிவிட்டு, பின்னர் பகலில் வெயிலில் உலர்த்தி இரவிற் சாற்றிலிட்டு வருக. சாறு முழுதும் ஊறி வற்றியதும் உலர்ந்த ஊறுகாயைக் காற்றுப் புகாத சாடியில் வைத்தால் நெடுநாள் இருக்கும். இதில் ஒன்றை எடுத்து ஒன்றரை லீற்றர் நீரிற் பிசைந்து கரைத்து, வடித்து, சுவை பார்த்துப் பருகுக. உப்பு மிகுந்தால் நீர் சேர்க்க. சீனி சிறிதும் இல்லாத பானமாதலால் நீரிழிவுள்ள உழைப்பாளருக்கும் இது ஏற்றது.

3. பானகம். கொட்டை நீக்கிய பழப்புளி ஒரு சிறு தேசிக்காயளவு, பனங்கட்டி 75 கிராம், நீர் 1 லீற்றர், வேர்க்கொம்புத் தூள் கால் தேக்கரண்டி, ஏலக்காய் 2, உப்பு கால் தேக்கரண்டி. புளியைச் சிறிது நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிக்க. பனங்கட்டியைத் தனியே சுடுநீரிற் கரைத்து மண்போக வடித்து, ஆறியபின் இரண்டையும் ஒன்றுசேர்த்து ஏனையவற்றை இடுக.

4. விளாம்பழப் பானம். நன்கு பழுத்து மணம் வீசும் விளாம்பழம் 1ஐ உடைத்துச் சதையை எடுத்து, 3 கோப்பை நீரிற் கையாற் பிசைந்து அரிதட்டில் வடிக்க. பனங்கட்டி 60 கிராமும் உப்பு ஒரு சிட்டிகையும் சேர்க்க. வீட்டிலே உடனே பருகுவதாயின் அரைக் கோப்பைத் தேங்காய்ப்பால் விடலாம்; தேங்காய்ப்பால் விட்டதை வயலுக்கு அனுப்பவேண்டாம், அது வெயிலில் விரைந்து கெடும்.

5. கொடித்தோடைப் பானம். பழம் 6ஐ வெட்டி உள்ளீட்டை எடுத்து, ஒரு கோப்பை நீரிற் கரண்டியால் அடித்து விதை நீங்க வடிக்க. மேலும் 3 கோப்பை நீரும், 8 தேக்கரண்டி சீனியும், ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்க. விதையை மின் அரைப்பானில் அரைத்தாற் பானம் கசக்கும்.

6. தேசிப்பழப் பாகு. தேசி மலிந்த காலத்தில் மரத்தின் கீழே பழங்கள் அழுகக் கிடப்பதைக் காண்கின்றோம். சீனி 1 கிலோகிராமை அரை லீற்றர் நீரிற் கரைத்துக் கொதிக்கவைத்து, மேலே வரும் அழுக்கை நீக்கி ஆறவிடுக. ஆறியபின் விதை நீங்க வடித்த தேசிச் சாறு அரை லீற்றர் சேர்க்க. சூட்டிற் சேர்த்தால் உயிர்ச்சத்து சி குறையும், சுவையுங் கெடும். கழுவிக் கொதிநீரில் 10 நிமிடம் வைத்தெடுத்த கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்துக. 1 பங்கு பாகுக்கு 5 பங்கு நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பருகலாம்.

7. கருப்பநீரும் இளநீரும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய பனங் கருப்பநீரைக் காலையிலேயே வடித்துப் பருகுக. சுண்ணாம்பு புளிப்பைத் தாமதிக்கச் செய்யுமேயன்றி நாள் முழுதும் தடுக்கமாட்டாது. இளநீரிலும் செவ்விளநீரிலும் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆதலால் மிக வியர்த்தவர் இளநீரோடு உப்புள்ள உணவையும் உட்கொள்ளல் வேண்டும். வெட்டிய இளநீரை வைத்திருந்து குடிக்கலாகாது.

வெயிற்கால உணவு

வெயிலிற் பசி மந்தமாகும். ஆயினும் வெறும் வயிற்றோடு வயலுக்குச் செல்லலாகாது. இரவு சமைத்த சோற்றை ஆறியவுடனே, கொதித்து ஆறிய நீரில் ஊறவிட்டு மூடி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்து உண்ணும் பழஞ்சோறு, நீரையும் உப்பையும் வலுவையும் ஒருங்கே தருவது. நாள் முழுதும் வெளியே கிடந்த சோற்றை இதற்கு எடுக்கலாகாது. வழுவழுப்போ கெட்ட நாற்றமோ இருப்பின் எறிந்துவிடுக.

நண்பகற் சோற்றுக்கு வெள்ளரிக்காய்ச் சம்பல் ஏற்றது. பிஞ்சு வெள்ளரிக்காய் 2ஐ மெல்லிதாக அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் இட்டு, தயிர் அரைக் கோப்பை சேர்த்துக் கலந்தால் முடிந்தது. சிறுவருக்கு, வெடித்துப் பழுத்த வெள்ளரிப்பழத்தைச் சிறிது சீனியிட்டு மாலையிற் கொடுக்கலாம்.

சிறப்பாகக் கவனிக்க வேண்டியோர்

நீரிழிவுள்ளோர் பானகத்தையும் பாகையும் விலக்கி மோரைக் கொள்க. இரத்த அழுத்தமும் இருதய நோயும் உள்ளோர் பானத்தில் உப்புச் சேர்க்குமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். சிறுநீரக நோயுள்ளோர் வைத்தியரைக் கேளாது இளநீர் அருந்தலாகாது. முதியோருக்குத் தாக உணர்ச்சி குறைவு; அவர்கள் கேட்குமுன்னரே கோப்பையைக் கையிற் கொடுக்க.

வயிற்றோட்டம் கண்டவருக்கு மேற்கூறிய பானங்கள் மருந்தாகா. ஜீவனி எனப்படும் உப்புக் கரைசற் பொடியைப் பொதியிற் குறித்த அளவு நீரிற் கரைத்துக் கொடுத்து, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

வயலில் ஒருவருக்குத் தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை உண்டாயின், அவரை நிழலில் இருத்தி ஆடையைத் தளர்த்தி, மோரோ ஊறுகாய்த் தண்ணீரோ சிறிது சிறிதாகப் பருகச் செய்க. பேச்சுத் தடுமாறி, உடல் நெருப்பாய்க் கொதித்து, மயங்கினாராயின் அது உயிராபத்தாகும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடல் முழுதும் நீரூற்றி விசிறிக்கொண்டே, 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து அம்புலன்சை அழைக்க. அம்புலன்சு வருமுன் குளிர்விக்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிரைக் காக்கும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

கொதித்து ஆறிய நீரையே கலக்குக. அன்று செய்த பானத்தை அன்றே முடிக்க. இனிப்பைக் குறைத்து, ஒரு சிட்டிகை உப்பை மறவாது சேர்க்க. புளிப்புப் பானத்துக்கு ஏற்ற பாத்திரத்தைத் தெரிந்தெடுக்க. வயலுக்குச் செல்வோருக்குச் சோற்றுப் பொதியோடு நீர்ப் போத்தலையும் கட்டிக் கொடுக்க. ஈரச் சாக்கிற் சுற்றி நிழலில் வைத்தால் அது நண்பகலிலும் குளிர்ந்திருக்கும். வளவிலே ஒரு தேசியும் ஒரு கொடித்தோடையும் இல்லாத வீட்டார் வரும் மாரியில் அவற்றை நடுவாராயின், பின்வரும் வெயிற்காலங்களில் அவ்வீட்டுக்குப் பானத்துக்கெனச் செலவு வேண்டியதில்லை.