தேயிலைத் தூளும் சுருங்கிய மூச்சுக்குழாயும்

கேள்வி: அம்மா தேயிலை ஆலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறார். இழுப்புக்கு இன்ஹேலர் அடித்தால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடுகிறது என்கிறார். இதையெல்லாம் கணினியில் பார்க்கிறார்களாமே?
— வாசகி, தானா ராத்தா, கேமரன் மலை

பதில்: அம்மா சொல்வது உண்மைதான். ஸ்கேன் படத்திலிருந்து மூச்சுக்குழாயைக் கணினியில் முப்பரிமாணமாக எழுப்பி, அதைப் பல லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து, காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுகிறார்கள். பிறகு துகள்களை விட்டு, எது எங்கே ஒட்டுகிறது என்று பார்க்கிறார்கள். குழாயின் விட்டம் பாதியானால், சீரான ஓட்டத்தில் தடை 16 மடங்காகிறது! இடுக்கில் காற்று வேகமெடுக்கும். கனத்த துகளால் அதோடு வளைந்து திரும்ப முடியாமல், கிளை பிரியும் இடத்தில் மோதி ஒட்டிக்கொள்ளும். 10 மைக்ரானைத் தாண்டியவை பெரும்பாலும் மூக்கு, தொண்டையோடு சரி. 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ளவையே ஆழமாக இறங்கும்.

அழுத்தினால் பீய்ச்சும் வகை இன்ஹேலர் என்றால், ஸ்பேசர் என்ற இடைக்குழலைப் பொருத்தி நிதானமாக உள்ளிழுத்து, 10 விநாடி மூச்சை அடக்கச் சொல்லுங்கள். பொடி வகைக்கு ஸ்பேசரும் நிதானமும் பொருந்தாது. அதை வேகமாக இழுக்க வேண்டும்.

இதைவிட முக்கியம், அந்தத் தூசி. தேயிலைத் தொழிலில் வரும் ஆஸ்துமாவை இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இலேயே எழுதிவிட்டார். விடுமுறை நாளில் இழுப்பு குறைகிறதா என்று குறித்துவைத்து, அம்மாவின் வேலையையும் சேர்த்து மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.