யமுனையும் ஒரு கணக்கும்

நதிகளைக் காப்பது அரசின் கடமை என்று எல்லோரும் சொல்லுகிறோம். அக்கடமை எவ்வளவு நிறைவேறியிருக்கிறது என்று அளந்து பார்ப்பவர் சிலரே. டில்லியில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நாம் குடிக்கும் நீரில் ஒரு பங்கு யமுனை தருவது. ஆதலின், இரசாயனம் பயிலும் மாணவன் என்ற முறையில், அந்நதியைப் பற்றிய எளிய கணக்கொன்றை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

யமுனையின் நீளம் 1,376 கிலோமீட்டர். அதில் வஜீராபாத் அணை முதல் ஓக்லா அணை வரையுள்ள பகுதி 22 கிலோமீட்டர். நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆயினும் நதி சுமக்கும் மாசில் ஏறத்தாழ முக்காற் பங்கு இங்கேதான் சேருகிறது. வஜீராபாத்தில் நகரம் தன் குடிநீரை எடுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டியதும் நஜஃப்கர் வாய்க்கால் கழிவுநீருடன் வந்து கலக்கிறது. கோடையில் அணைக்குக் கீழே ஓடுவது பெரும்பாலும் வாய்க்கால் நீரே.

அரசு வாளா இருக்கவில்லை. 1974ஆம் ஆண்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே மத்திய வாரியமும் அமைந்தது. 1993இல் ஜப்பானியக் கடனுதவியுடன் யமுனைச் செயல்திட்டம் தொடங்கிற்று. சுத்திகரிப்பு நிலையங்கள் பல எழுந்தன.

இனி, நீரின் தூய்மையை அளப்பது எப்படி? நீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கும்போது, அந்நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. மாதிரி நீரைக் குப்பியில் அடைத்து இருளில் வைத்து, முன்னும் பின்னும் பிராணவாயுவை அளக்கிறோம். குறைந்த அளவே 'பிராணவாயுத் தேவை' எனப்படும். குளிர்நாட்டு முறை 20 பாகை வெப்பத்தில் 5 நாள். நம் நாட்டுக்கு ஏற்ப இங்கே 27 பாகையில் 3 நாள். குளிப்பதற்குரிய நீரில் இத்தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மிகலாகாது. டில்லியின் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு விதித்த எல்லையோ 10.

இங்கேதான் கணக்கு வருகிறது. எல்லா நிலையங்களும் குறைவின்றி இயங்கி, கழிவுநீர் முழுவதும் 10 என்ற அளவில் வெளிவருவதாகவே கொள்வோம். நதியின் நன்னீரில் தேவை 1 என்போம். இரண்டும் கலந்து 3 ஆகவேண்டுமானால், ஒரு பங்கு சுத்திகரித்த நீருக்கு மூன்றரைப் பங்கு நன்னீர் வேண்டும்.

உள்ளது எவ்வளவு? 1994இல் ஐந்து மாநிலங்கள் செய்துகொண்ட உடன்படிக்கை, நதியில் வினாடிக்கு 10 கன மீட்டராவது ஓடவேண்டும் என்றது. 1999இல் உச்ச நீதிமன்றமும் அதையே வற்புறுத்திற்று. அது நாளொன்றுக்கு 86.4 கோடி லிட்டர். டில்லியின் கழிவுநீரோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 360 கோடி லிட்டர். மூன்றரைக்கு ஒன்று என்றிருக்க வேண்டிய விகிதம், ஒன்றுக்கு நான்கு எனத் தலைகீழாக நிற்கிறது! இவ்வாறு கலந்த நீரில் தேவை 8க்கு மேல் இருக்கும்.

ஆகவே, நிலையங்கள் கட்டுவது மட்டும் போதாது. ஆற்றுக்கும் நீர் வேண்டும். அந்நீர் ஹத்னிகுண்டில் கால்வாய்கள் வழியே ஹரியானா, உத்தரப் பிரதேச வயல்களுக்குப் போகிறது. பயிர் வளர்க்கும் உழவரைக் குறை கூறுவது நியாயமன்று. சுத்திகரித்த நீரை ஆற்றில் விடாமல் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொடுத்து, அந்த அளவுக்கு நன்னீரை ஆற்றிலேயே விட்டுவைப்பதே தக்க வழி என்பது என் கருத்து. கணக்கின் இரு பக்கமும் அப்போது ஒருங்கே திருந்தும்.

மதுராவும் ஆக்ராவும் இந்நதியின் கரையிலேயே கீழே இருக்கின்றன. நாம் கழித்து விடுவது அவர்கள் வாயிலுக்குச் செல்கிறது. இனி எவரேனும் புதிய நிலையம் ஒன்றைத் திறந்துவைத்து, யமுனை தூய்மையாகிவிடும் என்று கூறினால், அன்பர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: "ஆற்றில் விடும் நன்னீர் எவ்வளவு?"