இடைவெளியை நெய்வது

அன்புள்ள வாசகிக்கு,

ரிஜிட் ஹெடில் தறியில் லேஸ் ஸ்கார்ஃப் நெய்யத் தொடங்கியதாகவும், அடித்து நெய்தால் துணி விறைத்துப்போகிறது, அடிக்காமல் விட்டால் இழைகள் நழுவுகின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். இன்னும் மெல்லிய நூல் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நூலில் குறையில்லை.

பலகையிலிருந்து தொடங்குவோம். காஞ்சிபுரத்துத் தறியில் பாவு இழைகளை ஏற்றி இறக்க விழுது தனி, ஊடையைச் சேர்த்து அடிக்கப் பன்னை தனி. உங்கள் தறியில் இரண்டு வேலையும் ரிஜிட் ஹெடில் என்னும் ஒரே பலகைக்கு. துளை, நெடும்பிளவு, துளை, நெடும்பிளவு என்று மாறி மாறி இருக்கும். துளையில் கோத்த இழை பலகையோடு ஏறி இறங்கும்; பிளவில் கோத்தது அசையாது. அவ்வளவுதான் பொறி. (ஐரோப்பாவின் வடகோடியில் சாமி மக்கள் இதே பலகையைக் கலைமான் கொம்பில் செதுக்கி, அழகான வார்களை நெய்தார்கள். மிதிபலகை இல்லாததால் உங்கள் தறியைக் கத்துக்குட்டித் தறி என்று சொல்கிறவர்கள் அந்த வார்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.)

அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதையும் அந்தப் பலகைதான் முடிவு செய்கிறது. லேசான துணியின் சூட்சுமம் அங்கே இருக்கிறது. 100 கிராமுக்கு 800 மீட்டர் ஓடும் மெரினோ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் துணி என்றால் அது அங்குலத்துக்கு 16 இழை வரை கேட்கும். நீங்கள் 10 இழைப் பலகையில் கோத்துக்கொள்ளுங்கள். 16 அங்குல அகலத்துக்கு 160 இழை. பாவு நீளம் 2.5 மீட்டர் என்றால் 400 மீட்டர் நூல். ஊடைக்கு ஏறக்குறைய 300 மீட்டர். 90 கிராமுக்குள் கழுத்தைச் சுற்றிப் போட ஒரு முழு ஸ்கார்ஃப் வந்துவிடும். ஊடையும் அங்குலத்துக்கு 10-ஐத் தாண்ட வேண்டாம். பலகையால் அடிக்காதீர்கள், ஊடையை அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்புங்கள்.

இவ்வளவு தளர்வாக நெய்தால் நழுவாதா? நழுவும். அதற்குத்தான் லீனோ. கடைக்கு வெங்காயம் வருகிற வலைச்சாக்கைக் கவனித்திருப்பீர்கள். பெரிய பெரிய கண், ஆனாலும் மூட்டை கனத்தில் இழை விலகுவதில்லை. காரணம், அதில் பாவு இழைகள் இரண்டிரண்டாக ஒன்றையொன்று குறுக்கே கடந்து ஊடையைப் பிடித்திருக்கின்றன. உங்கள் தறியில் இதைக் கையால் செய்யலாம். வலது ஓரத்தில் தொடங்கி, மேலிருக்கும் இழையை விரலால் இடப்புறம் ஒதுக்கி, அதன் வலப்பக்கமாகக் கீழ் இழையைத் தூக்கி ஒரு தட்டைக் குச்சியில் ஏற்றுங்கள். அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி. இடது ஓரம் சேர்ந்ததும் குச்சியை நிமிர்த்தி, திறந்த வாய் வழியே நாடாவை விட்டுக் குச்சியை உருவிவிடுங்கள். அடுத்த ஊடையைச் சாதாரணமாக நெய்யும்போது முறுக்கு தானாகத் திரும்பிவிடும். இடையில் அகப்பட்ட ஊடை இனி நகராது.

160 இழைக்கு ஒரு வரிசையில் 80 முறை இப்படிக் கடத்த வேண்டும். பொறுமை சோதிக்கப்படும். ஆனால் துணி முழுக்க லீனோ போடுவது என் கண்ணுக்கு அழகுமில்லை, அவசியமுமில்லை. நான்கு விரற்கடை சாதா நெசவு, பிறகு ஒரு லீனோ வரிசை. போதும். ப்ரூக்ஸ் பொக்கே என்று இன்னொன்று உண்டு: மேலே தூக்கிய சில இழைகளை ஊடையால் சுற்றி இறுக்கி, பக்கத்தில் சன்னல் திறப்பது. பார்க்க ஜோர். இறுக்கம் மிஞ்சினால் கரை உள்ளே வாங்கிவிடும் என்பதால் இரு முனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரை நேராக நிற்க, ஊடையைச் சாய்வாகப் போட்டு, பிறகு பலகையைக் கொண்டுவர வேண்டும்.

தறியில் இருக்கும்வரை துணியை எடைபோடாதீர்கள். பாவு இழுத்துக் கட்டியிருப்பதால் கண்கள் பெரிதாகவும் கோணலாகவும்தான் தெரியும். கழற்றி, வெதுவெதுப்பான நீரில் துளி மென்சோப்பு கலந்து ஊறவைத்தால் கம்பளி இழை உப்பிப் பக்கத்து இழையைப் பற்றும். தேய்க்கவும் முறுக்கவும் கூடாது; மெரினோ திரண்டு கெட்டியாகிவிடும். துண்டில் சுருட்டி நீரை ஒற்றி, தட்டையாக விரித்துக் காயவிடுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. முனைக் குஞ்சங்களை முறுக்கி முடிச்சிட்ட பிறகே தண்ணீரில் போடுங்கள். முதலில் நனைத்துவிட்டால் தொங்கும் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, பிரிக்கவே ஒரு பகல் போய்விடும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்